மோசமான நாளைக் காட்டச் சொன்ன பெண்

1

நேற்று ஆரணி மறுபடியும் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். என் மகள் தன்னுடைய படங்களை அனுப்புவது குறைவு. அவள் அனுப்புவதெல்லாம் வேறொரு பெண்ணின் பேச்சுகள். அந்தப் பெண் அயர்லாந்துப் பாராளுமன்றத்தின் உறுப்பினர். என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுப் பேசத் தொடங்குவார். பேசி முடிந்ததும் அதை மேசையில் தேடுவார். அவருக்குப் பின்னால் உள்ள கதிரைகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்.

ஆரணி இங்கே, பிரெஞ்சு பேசும் லோசான் நகரில் பிறந்தவள். மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து அயர்லாந்துக்குப் போனாள். "ஒரு வருசம்தான் அம்மா" என்றாள். இப்போது அங்கே வீடு பார்க்கிறாள்.

அந்த உறுப்பினர் பேசும் விடயங்களை நான் எனக்குத் தெரிந்த அளவில் வகைபிரித்து வைத்திருக்கிறேன். வைத்தியசாலையில் கட்டில் கிடைக்காமல் காத்திருப்பவர்கள். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கிடைக்கத் தாமதமாவது. மனநோய்க்கு வைத்தியம் தேடி ஊர் ஊராக அலைபவர்கள். எல்லாவற்றையும் விட அதிகமாக, வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர்கள். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடாது. ஆரணி சுருக்கத்தைத் தமிழில், ஆங்கில எழுத்துகளால் எழுதி அனுப்புவாள். அதை நான் வாய்விட்டு வாசித்தால்தான் விளங்கும்.

ஒருநாள் போனில் கேட்டாள்.

"அம்மா, நோயாளியை வீட்டிலை பாக்கிற கெயரர் எண்டால் தமிழிலை என்ன?"

"மனிசி."

"பகிடி விடாதேங்கோ. உண்மையா என்ன சொல்?"

"மனிசி. இல்லாட்டி மகள்."

அங்கே மழை பெய்கிறது என்றாள் அவள்.

2

என் கணவர் சிறி, லோசானில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர். கோப்பை கழுவத் தொடங்கி, தலைமைச் சமையல்காரர் விடுமுறையில் போனால் அடுப்பைப் பொறுப்பெடுக்கும் இடம்வரை வந்தார். முதலில் உப்பை இரண்டு தரம் போட்டார். பிறகு ஒருநாள், தான் வருடக்கணக்காகச் செய்த சாறு ஒன்றுக்கு என்னென்ன சேர்ப்பது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். அறுபது வயதாவதற்குள் மறதி நோய் என்று வைத்தியர் சொன்னபோது இவர் என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன தெரியும்? என்ரை கறியைத் திண்டு பாத்தவரோ?" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் உண்டு. ஒன்று குறைந்தால் தட்டு வெளியே போகாது. வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தேன். மருந்துகளுக்கு ஒரு தட்டு, கதவுத் திறப்புகளுக்கு ஒரு கொளுக்கி. பின்னேரத்தில் டயரி எழுதுவேன்: இவருடைய நித்திரை, சாப்பாடு, அன்று தேடிய பொருள். ஒழுங்கு இருந்தால் நோய் ஓர் எல்லைக்குள் நிற்கும் என்று நம்பினேன். மின்னடுப்பு மட்டும் அந்த ஒழுங்குக்குள் வரவில்லை.

ஒருநாள் நான் வேலையில் இருந்தபோது சட்டியில் எண்ணெயை வைத்து அடுப்பைப் போட்டிருக்கிறார். போட்ட பிறகு உணவகத்துக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்குப் போய்விட்டார். மேல்வீட்டுக்காரருக்குப் புகை மணந்ததால் கட்டடம் தப்பியது. அதன்பிறகு நான் வெளியே போகும்போதும், இவரைக் கவனிக்க முடியாத வேளைகளிலும், அடுப்புக்கு வரும் மின்சாரத்தை வாசல் நடையில் உள்ள மின்பெட்டியில் நிறுத்திவிடுவேன். சில நாட்களில் இவர் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்து மின்சாரத்தை மறுபடி போட்டுவிடுவார். மகளின் பெயரைத் தேட வேண்டியிருந்த மனிதருக்கு எந்தப் பொத்தான் அடுப்புக்குரியது என்பது மறக்கவில்லை.

வைத்தியர் இரண்டு வழி சொன்னார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால், கதவை உள்ளிருந்து திறக்க முடியாத விடுதி ஒன்றில் சேர்க்க வேண்டும். அந்த விடுதியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். சுத்தமான இடம். ஏரி தெரிந்தது. இவர் அங்கே இருந்த நேரம் முழுவதும் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு ஓர் ஆள் வருவதற்கு, இவரைத் தனியே விட முடியாது என்று ஓர் அலுவலகம் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்வதற்கு முன் வீட்டுக்கு ஒருவரை அனுப்பிப் பார்ப்பார்கள்.

3

அவர்கள் வரும் செய்தி கேட்டு முதல்நாளே நொஷாட்டலிலிருந்து இரயிலேறி வந்துவிட்டாள் கௌரி. இவருடைய ஒரே தங்கை.

"அண்ணி, வெள்ளைக்காரி வீட்டை வாறா. குசினி இப்பிடிக் கிடந்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பா?"

"எப்பிடிக் கிடக்குது? வடிவாத்தானே கிடக்குது?"

"உங்களுக்கு வடிவு. அந்த யன்னல் சீலையைப் பாருங்கோ."

யன்னல் சீலைகளைத் தோய்த்தோம். அடுப்பின் பின்பக்கத்தைக்கூடத் தேய்த்தோம். காலையில் இவருக்குச் சவரம் செய்து, மினுக்கிய சேர்ட்டைப் போட்டுவிட்டேன். கௌரி மீன் ரோல்ஸ் செய்து பொரித்து அடுக்கினாள். கடைசியாக நான் நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தேன்.

வந்தவர் அமைதியான பெண். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். இவர் எழுந்து நின்று கைகொடுத்தார். உணவக முதலாளிகளிடமும் வீசா அலுவலகங்களிலும் பழகிய பிரெஞ்சு, ஒரு சொல் பிசகாமல் வந்தது. கதிரையை இழுத்து விட்டார். குளிர் எப்படி என்று விசாரித்தார்.

உடுப்பைத் தானே போடுகிறாரா? தானே சாப்பிடுகிறாரா? தனியே இருக்கப் பயப்படுகிறாரா? ஒவ்வொரு கேள்விக்கும் இவரே பதில் சொன்னார். எல்லாம் நன்றாக இருக்கிறது மடாம், இன்னொரு ரோல்ஸ் எடுங்கள் மடாம். என்னைக் கேட்டபோது "கொஞ்சம் மறதி" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. ஒரு மனிதர் சேர்ட் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கும்போது, அவர் நனைத்த படுக்கை விரிப்பைப் பற்றி அந்நியப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

அவர் போனதும் கௌரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"பாத்தியளே, மூண்டு ரோல்ஸ் சாப்பிட்டவ. கட்டாயம் தருவினம்."

தரவில்லை. இவர் தானாக உடுத்துகிறார், உரையாடுகிறார், விருந்தினரை உபசரிக்கிறார், வீடு சிறந்த ஒழுங்கில் இருக்கிறது, ஆகவே மேற்பார்வை தேவையில்லை என்று முடிவு வந்தது. அதில் ஒரு பொய்யும் இருக்கவில்லை. நாங்கள் காட்டியதைத்தான் அந்தப் பெண் எழுதியிருந்தார்.

4

ஊரில் இதை வாசிப்பவர்களில் சிலருக்கு நாங்கள் ஏன் அப்படிச் செய்தோம் என்று விளங்கும். இளையவர்களுக்காக ஒன்றை எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் என் சின்னண்ணை சைக்கிளிலிருந்து விழுந்து தோளைக் கிழித்துக்கொண்டார். அந்தக் கிழமையே எங்கள் ஒழுங்கையில் ஆமி சோதனைக்கு வந்தது. காயத்தோடு ஓர் இளம் பெடியன் வீட்டில் இருந்தால், அது சண்டையில் பட்டதல்ல, சைக்கிளால் வந்த காயம் என்று யார் நம்புவார்கள்? அம்மா அவருக்கு முழுக்கைச் சேர்ட் போட்டுவிட்டார். வந்தவர்களுக்குக் கதிரை போட்டார். தேத்தண்ணியைச் சின்னண்ணையின் கையிலேயே கொடுத்தார், அதுவும் காயம்பட்ட பக்கத்துக் கையில். அவர் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். முகத்தில் சிரிப்பு. சேர்ட்டுக்குள் இரத்தம் கசிவது எனக்கு மட்டும் தெரிந்தது. அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வரும் அதிகாரிக்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். நோய் இருக்கக்கூடாது, காயம் இருக்கக்கூடாது, குறை ஒன்றும் இருக்கக்கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் அப்படி நடந்தவர்கள்தான். பல வருடங்களுக்குப் பிறகு, ஏரிக்கரை நகரம் ஒன்றில், உதவி செய்ய வந்த பெண்ணுக்கு முன்னால் அதையே திரும்பச் செய்தோம்.

5

முடிவு வந்த செய்தியை ஆரணிக்குச் சொன்னபோது அவள் அழுதாள். பிறகு அந்த உறுப்பினரின் இன்னொரு பேச்சை அனுப்பினாள். இந்த முறை ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, போனிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பரிசோதிக்க ஆள் வருகிறது என்றால் வீடுகளில் தரையைத் துடைப்பார்கள், நல்ல கோப்பைகளை எடுத்து வைப்பார்கள் என்று அவர் பேசினாராம். நோயாளியும் தன்னிடம் மிஞ்சியிருக்கும் தெம்பையெல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத் திரட்டிக்கொள்வார். வந்தவர் பார்ப்பது அந்த வீட்டின் மிக நல்ல நேரத்தை. நாடு பார்க்க வேண்டியது அவர்களுடைய மோசமான நாளை. அதைக் காட்டுவதற்குப் பராமரிப்பவர்கள் வெட்கப்படாமல் இருக்க வேண்டும்.

"ஆர் பிள்ளை இவ? எங்கடை வீட்டை வந்து பாத்தவவோ?"

"அவ தன்ரை தாயை வைச்சுப் பாத்தவ அம்மா. அங்கையும் இப்பிடித்தானாம்."

"அப்ப ரோல்ஸும் பொரிக்கிறவையோ?"

"கேக் வைப்பினமாம்."

பேசி முடித்து அவர் அமர்ந்ததும் அமைச்சர் எழுந்து நன்றி சொன்னார். எழுதி வைத்திருந்ததை வாசித்தார். வீடியோ அதோடு முடிந்தது.

முடிவை எதிர்த்து விண்ணப்பித்தோம். இன்னொரு முறை வந்து பார்க்கச் சம்மதித்தார்கள். அதற்குள் இவர் ஒருமுறை வெறுங்காலோடு ஏரிவரை இறங்கிப் போயிருந்தார். விடுதியில் ஓர் இடம் காலியாகப் போவதாக வைத்தியர் சொல்லி அனுப்பினார். இந்த முறையும் இல்லை என்றால், இவரை அங்கே விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆரணி எனக்குப் பாடம் எடுத்தாள்.

"வீட்டைக் கூட்டாதேங்கோ. அப்பாவுக்குச் சேவ் எடுக்காதேங்கோ. கௌரி மாமியை வரவே விடாதேங்கோ. ஒண்டும் குடுக்காதேங்கோ."

"தண்ணியாவது குடுக்கலாமோ?"

"அம்மா!"

"அண்டைக்கு நீ வந்து நில்லன் பிள்ளை."

"லீவு இல்லையம்மா. முடிஞ்ச உடனை போன் எடுங்கோ."

6

அன்று நான் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். அடுப்புக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தவில்லை. மறந்துபோய் அல்ல. பெட்டியைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடினேன்.

அதே பெண்தான் வந்தார். இவருடைய தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. சேர்ட்டின் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. அவற்றைச் சரிசெய்யாமல் இருக்க என் விரல்களை மடித்துப் பிடித்துக்கொண்டேன். தொட்டியில் முதல்நாள் கோப்பைகள். என் வாழ்க்கையில் முதன்முறையாக, வீட்டுக்கு வந்த ஒருவருக்கு முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன்.

இவர் அதைக் கவனித்தார்.

"இஞ்சை பாரும், வந்தவவுக்கு ஒண்டும் குடுக்கேல்லையே?"

"பிறகு பாப்பம். இருங்கோ."

"என்ன பழக்கமப்பா இது?"

எழுந்து சமையலறைக்குள் போனார். அந்தப் பெண் என்னிடம் கேள்விகளைத் தொடங்கினார். அலுமாரிக் கதவு திறந்தது. சட்டி அடுப்பில் உட்கார்ந்தது. எண்ணெய்ப் போத்தலின் மூடி. பிறகு அடுப்பின் திருகி. ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். வேறு எந்த நாளிலும் அந்தக் கடைசிச் சத்தத்துக்கு நான் எழும்பியிருப்பேன்.

"அவர் என்ன செய்கிறார், மடாம்?"

"சமைக்கிறார்."

சற்று நேரத்தில் இவர் திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்தார். எதற்காக உள்ளே போனார் என்பது இவருக்கு மறந்துவிட்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டார். எங்கடின் என்ற மலைப்பகுதியில் ஒரு கிராமம் என்றார் அவர். அங்கே ஒரு குளிர்காலம் ஹோட்டலில் வேலை செய்ததாக இவர் சொன்னார். உண்மைதான். சின்ன இரயிலைப் பற்றியும், அது வளைந்து ஏறும் பாலத்தைப் பற்றியும் அழகாகச் சொன்னார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு எண்ணெய் மணந்தது. முதலில் சூடான மணம், பிறகு கருகும் மணம். சமையலறை வாசலின் மேற்பக்கத்தில் மெல்லிய நீலம் படர்ந்தது. நான் புகையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது திரும்பும்? இரயில் கதை இன்னும் முடியவில்லை. என் கைகள் மடியில் இருந்தன. அவை என்னுடைய கைகள் போலவே இல்லை.

அவர் திரும்பிப் பார்த்ததும் மூவரும் ஒன்றாக எழுந்தோம். இவர்தான் முந்தினார். சமையலறையில் வளர்ந்த கால்கள். கைப்பிடியை வெறுங்கையால் பிடித்துச் சட்டியை இழுத்தார். எண்ணெய் தளும்பிப் புறங்கையில் விழுந்தது. அந்தப் பெண் அடுப்பை நிறுத்தி, பக்கத்திலிருந்த மூடியைத் தூக்கிச் சட்டியின் மேல் வைத்தார். தீப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம்.

நான் இவருடைய கையைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்தேன். தோல் வெளுத்து எழும்பிக்கொண்டு வந்தது. இவர் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நீண்ட காலமாக அந்தக் கண்களில் அவ்வளவு தெளிவை நான் கண்டதில்லை.

"உமக்கு எனக்கு முந்தியே மணந்திருக்கும்" என்றார். "ஏனப்பா எழும்பேல்லை?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற பெண் மெதுவாகக் கேட்டார், அவர் என்ன சொல்கிறார் என்று.

"நோகிறதாம்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

7

இந்த முறை கிடைத்தது. நான் வேலைக்குப் போகும் நாட்களில் போர்த்துக்கல்காரப் பெண் ஒருவர் வருகிறார். பெயர் லூர்தேஸ். கெட்டிக்காரி. விடுதியில் அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

"அம்மா, வெண்டிட்டியள்!" என்றாள் ஆரணி. கையைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லவில்லை. கௌரி வந்து பார்த்துவிட்டு, "இனி உங்களுக்கு நிம்மதி அண்ணி" என்றாள். பிறகு தமையனின் புறங்கைத் தழும்பைத் தடவி, "எப்பவும் அவசரம் உங்களுக்கு" என்று ஏசினாள். இவர் அவளோடு தமிழில் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று வந்த வீடியோவிலும் அந்த உறுப்பினர் இதைப் பற்றித்தான் பேசுகிறார். வருகிற ஆட்கள் பராமரிப்பவரிடம் தனியாகக் கதைக்க வேண்டும், நோயாளியின் முன்னால் வைத்து உண்மையைக் கேட்கக்கூடாது என்கிறார். வேறு யாரும் பேசாததை அவர் பேசுகிறார். அவர் பேசியிராவிட்டால் இவர் இன்று திறக்க முடியாத கதவுக்குப் பின்னால் இருந்திருப்பார். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அவரை ஒருநாள் சந்தித்தால் ஒன்று கேட்பேன். மோசமான நாளை வெளியாளுக்குக் காட்டிய பிறகு, அந்த வீட்டில் அடுத்த நாள் எப்படி விடிய வேண்டும்? அதைப் பற்றி அவர் பேசிய வீடியோ எதுவும் எனக்கு வரவில்லை.

நோயின் தொடக்கத்திலேயே வைத்தியர் சொல்லியிருந்தார், பிற்காலத்தில் படித்த மொழி முதலில் போகும் என்று. பிரெஞ்சு போய்விடும், தமிழ் நிற்கும், ஆகவே எங்களுக்குள் பேச்சு கடைசிவரை இருக்கும் என்று நான் ஆறுதல் கொண்டிருந்தேன்.

இப்போது கௌரியோடு தமிழ். போனில் ஆரணியோடு தமிழ். என்னோடு மட்டும் பிரெஞ்சு. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தபோது "மெர்சி, மடாம்" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வைத்தியரிடம் சொன்னேன். அப்படியும் நடக்கும் என்றார். லூர்தேஸ் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: கதவில் என் திறப்புச் சத்தம் கேட்டதும் இவர் எழுந்துவிடுகிறாராம். சேர்ட் பொத்தான்களைச் சரிபார்த்து, தலையை வாரி, கதிரைக்குப் பக்கத்தில் நேராக நிற்கிறாராம்.

இன்று பின்னேரம் நான் சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் வந்து நின்றார். கைகள் இரண்டும் பக்கவாட்டில். உள்ளே வரலாமா மடாம் என்று பிரெஞ்சில் கேட்டார்.

"வாங்கோ" என்றேன்.

அசையவில்லை. முகத்தில், ஆமிக்கு முன்னால் சின்னண்ணை சிரித்த அந்தச் சிரிப்போடு காத்துக்கொண்டு நின்றார். "வாங்கோப்பா, உங்கடை குசினிதானே" என்றேன். அதற்கும் அசையவில்லை.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பிரெஞ்சில் அனுமதி கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, நான் கேள்வி கேட்பதற்காகக் காத்திருந்தார்.